மருத்துவர்களுக்கு 74 மணி நேரம் என்பதே சலுகையா? கொரோனா கால பெங்களூருவும் இன்னும் தீராத பணி அழுத்தமும்

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் இணை நிறுவனர் நாராயண மூர்த்தி, நம் நாட்டு இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும் என்று சொன்னது நினைவிருக்கும். உங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பிலும் அன்றைக்கு மீம்கள் பறந்திருக்கும். "அப்போ வீட்டுக்கு எதுக்குப் போகணும்?" என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

அடுத்த ஆண்டு, 2024-ல், தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த ஒரு பணிக்குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றிய அறிக்கை அது. குழுவின் தலைவர் நம்ம பெங்களூரு நிம்ஹான்ஸின் மனநலப் பேராசிரியர் சுரேஷ் படா மத். அதில் ஒரு பரிந்துரை: ரெசிடென்ட் டாக்டர்கள், அதாவது அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி., எம்.எஸ். படித்துக்கொண்டே வார்டைப் பார்த்துக்கொள்பவர்கள், வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஒரு நாள் 24 மணி நேர டியூட்டி, ஐந்து நாள் பத்துப் பத்து மணி நேரம், ஒரு நாள் லீவு. கூட்டினால் 74 வரும்.

மூர்த்தி கேட்டது 70. நாம் கொதித்தோம். மருத்துவர்களுக்கு 74 என்பது வேலையைக் குறைப்பதற்காகச் சொல்லப்பட்ட எண்.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று புரிய, கொரோனா காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். மருத்துவமனை வேலை அதற்கு முன்பும் கடினமானதுதான். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில்தான் அது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று வெளியில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது. பெங்களூருவைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கு. நாட்டின் முதன்மையான மனநல நிறுவனம் இருப்பது இங்கே. சுகாதாரப் பணியாளர்கள் திரும்பத் திரும்ப வேலைநிறுத்தம் செய்ததும் இதே மாநிலத்தில். ஒரு பக்கம் ஆலோசனை எண், இன்னொரு பக்கம் சம்பளப் போராட்டம். பிரச்சனை மனசுலயா, வேலையிலயா என்ற கேள்விக்கு இந்த ஊர் போல வேறு எதுவும் பதில் சொல்லாது.

பர்ன்அவுட்னா வெறும் களைப்பா?

ஸ்பிரின்ட் முடிந்த வெள்ளிக்கிழமை மாலை நாம் எல்லோரும் "பர்ன்அவுட் ஆயிட்டேன்டா" என்று சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லை இதைவிடக் கொஞ்சம் கறாராகப் பயன்படுத்துகிறது. 2019-ல் ஏற்கப்பட்ட ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் பர்ன்அவுட் இருக்கிறது, ஆனால் நோயாக இல்லை. வேலை தொடர்பான ஒரு நிகழ்வாக இருக்கிறது. பணியிடத்தில் நீண்ட காலம் தொடரும் அழுத்தம் சரியாகக் கையாளப்படாமல் போனால் வருவது. அடையாளங்கள் மூன்று: சக்தி முழுக்க வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகி எல்லாவற்றின் மீதும் கசப்பு வருவது, நான் செய்வது எதற்கும் பயனில்லை என்று தோன்றுவது.

இந்த வரையறையில் கவனிக்க வேண்டியது, அது யாரைக் கை காட்டுகிறது என்பது. அழுத்தத்தைக் "கையாள" வேண்டியவர் அதை அனுபவிப்பவர் மட்டுமில்லை. பணியிடமும்தான்.

மருத்துவமனைகளில் இன்னொன்றும் உண்டு. மன உளைச்சல் ஆய்வுகளில் இதைத் தார்மீகக் காயம் என்கிறார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களோடு வேலை செய்த மனநல மருத்துவர் ஜோனத்தன் ஷே மூலம் பரவிய கருத்து. எது சரி என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாத இடத்தில் நிறுத்தப்படும்போது ஏற்படும் காயம் அது. களைப்பு இரண்டு நாள் தூங்கினால் குறையும். ஒரே ஒரு வென்டிலேட்டர் இருந்து இரண்டு பேர் மூச்சுத் திணறிய ராத்திரி, தூங்கினாலும் போகாது.

முதல் அலை: கவசத்துக்குள்ளே ஆறு மணி நேரம்

கர்நாடகத்தின் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 9 அன்று உறுதியானது. அமெரிக்காவிலிருந்து பெங்களூரு திரும்பிய ஒரு மென்பொருள் பொறியாளர். அடுத்த நாளே கலபுரகியில் ஒரு முதியவர் இறந்தார். அதுதான் இந்தியாவின் முதல் கொரோனா மரணமாகப் பதிவானது. சில வாரங்களில் கே.ஆர். மார்க்கெட் பக்கத்திலிருக்கும் விக்டோரியா மருத்துவமனை கொரோனாவுக்கென ஒதுக்கப்பட்டது. (1898-ல் பெங்களூருவைப் பிளேக் உலுக்கியெடுத்த இரண்டே ஆண்டுகளில் திறக்கப்பட்ட மருத்துவமனை அது. ஊரில் இன்றும் பிளேக் அம்மன் கோயில்கள் இருக்கின்றன. தெருப்பக்கம் போனால் பாருங்கள்.)

பிபிஇ கிட் என்பதை நாம் படங்களில்தான் பார்த்தோம். அதைப் போட்டுக்கொண்டால் ஷிப்ட் முடியும் வரை தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. ஒருமுறை கழற்றினால் அந்த கிட் வீண். கிட் தட்டுப்பாடு வேறு. டயப்பர் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். மாதவிடாய் நாட்களில் நர்ஸ்களின் நிலைமையை யாரும் ரோஸ்டர் போடும்போது யோசித்ததாகத் தெரியவில்லை. கண்ணாடி ஆவி படிந்து ஊசிக்கு நரம்பு தெரியாது. முகம் தெரியாததால் நெஞ்சில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போனாலும் தனி அறை, தனித் தட்டு. இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. ஆரம்பத்தில் கொரோனா வார்டில் வேலை பார்த்தவர்களுக்குப் பணிக்குப் பின் தனிமைப்படுத்தல் காலம் இருந்தது. 2020 மே 15 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட அறிவுரை, அதிக ஆபத்துள்ள தொடர்பு இருந்தால் தவிர அது தேவையில்லை என்றது. பாதுகாப்பு உடை போட்டிருந்தால் ஆபத்தில்லை என்பது வாதம். அப்படியென்றால் வார்டிலிருந்து நேராக அம்மா, அப்பா, குழந்தை இருக்கும் வீட்டுக்கு. ஒரு மருத்துவர் உச்ச நீதிமன்றம் போனார். மருத்துவர்களுக்குச் சம்பளமும் தங்குமிடமும் உறுதி செய்யச் சொல்லி ஜூன் 17 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. பெருந்தொற்று நடுவில், டாக்டருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது!

அது வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை. அதே ஜூன் மாதக் கடைசியில் தாவணகெரேயில் ஒரு மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவர்களும் ஹவுஸ் சர்ஜன்களும் தெருவில் உட்கார்ந்தார்கள். 16 மாத உதவித்தொகை பாக்கி.

வெளியே மரியாதைக்குக் குறைவில்லை. மார்ச் 22 மாலை 5 மணிக்குத் தட்டு தட்டினோம். மே 3 அன்று ராணுவ ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது பூத்தூவின. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஏப்ரல் 2020 இருக்கிறது. பெங்களூருவின் சாதிக் லேஅவுட்டில் கணக்கெடுக்கப் போன ஆஷா பணியாளர் தாக்கப்பட்டார். பாதராயனபுராவில் தொற்றாளர்களுடன் தொடர்பிலிருந்தவர்களைத் தனிமை முகாமுக்கு அழைத்துப் போக வந்த குழு மீது கூட்டம் பாய்ந்தது. சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள்; ரத்தக் காயத்தோடு அவருடைய சக மருத்துவர் நள்ளிரவில் வேலங்காட்டில் குழியை மூடினார். இதெல்லாம் நடந்த பிறகு ஏப்ரல் 22 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, கொடுங்காயம் என்றால் 7 ஆண்டு வரை.

"டார்கெட் முடிச்சாச்சா?"

நீங்கள் சேல்ஸிலோ பிபிஓ-விலோ இருந்தால் இந்தக் கேள்வி தினமும் காதில் விழும். 2020 நடுவில் மாவட்ட சுகாதார அதிகாரிகளுக்கும் அதே கேள்விதான். இன்றைக்கு எத்தனை டெஸ்ட்? ஏன் குறைந்தது? ஒரு தாலுகா சுகாதார அதிகாரிக்குக் கீழே இருப்பது சில டாக்டர்கள், சில லேப் டெக்னீஷியன்கள். மேலே இருப்பது மாவட்ட நிர்வாகம் முழுவதும், தினசரி வீடியோ கான்ஃபரன்ஸ்.

2020 ஆகஸ்ட் 20 அன்று மைசூரு பக்கத்து நஞ்சன்கூடு தாலுகா சுகாதார அதிகாரி உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்வது எப்போதுமே தவறு. இங்கேயும் அதைச் செய்ய வேண்டாம். ஆனால் அவருடைய குடும்பமும் சக மருத்துவர்களும், பரிசோதனை இலக்குகளுக்காக மேலிருந்து வந்த நெருக்கடியைப் பகிரங்கமாகக் குற்றம்சாட்டினார்கள். மாவட்டத்து அரசு மருத்துவர்கள் வேலையை நிறுத்திப் போராடினார்கள். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது, குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் அறிவித்தது.

அந்தப் போராட்டத்தில் மருத்துவர்கள் கேட்டது நோயாளிகளைக் குறையுங்கள் என்று இல்லை. ஓய்வு கொடுங்கள், அவமானப்படுத்தாதீர்கள், ஆள் போடுங்கள் என்றுதான். வைரஸால் வந்த அழுத்தம் ஒன்று, ஆபீஸால் வந்த அழுத்தம் இன்னொன்று. இரண்டாவதை ஒரு சுற்றறிக்கையிலேயே குறைத்திருக்க முடியும்.

இரண்டாவது அலை: தேர்ந்தெடுக்கும் வேலை

2021 மே 5. கர்நாடகத்தில் ஒரே நாளில் 50,112 பேருக்குத் தொற்று. அதில் 23,106 பேர் பெங்களூரு நகர்ப்புறத்தில். மே 2 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் 24 பேர் இறந்தது சில நாட்களுக்கு முன்புதான். ஆக்சிஜன் தட்டுப்பாடு என்று மாநிலமே கொந்தளித்தது. நகரத்தின் ஓரத்தில் தாவரெகெரேயிலும் கித்தேனஹள்ளியிலும் திறந்தவெளியில் சிதைகள் எரிந்தன.

உங்களில் பலர் அந்த வாரத்தில் யாருக்காவது பெட் தேடியிருப்பீர்கள். ட்விட்டரில் போஸ்ட், கூகுள் ஷீட், முப்பது நம்பருக்கு போன். எதிர்முனையில் எடுத்தவர் "பெட் இல்லை சார்" என்று சொல்லியிருப்பார், குரலில் உணர்ச்சியே இல்லாமல். அன்று அந்தக் குரல் மீது கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் பர்ன்அவுட்டின் இரண்டாவது அடையாளத்தை மறுபடி படித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் இல்லை என்று சொல்கிற மனுஷனுக்கு, உணர்ச்சியை அணைத்து வைப்பது ஒரு தற்காப்பு.

உள்ளே வார்டில் இன்னும் மோசம். ஐசியு-வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் நெறி. அலை உச்சத்தில் அந்தக் கணக்கு எங்கேயோ போய்விட்டது. உறவினரை உள்ளே விட முடியாது என்பதால், இறக்கும் நேரத்தில் வீடியோ கால் பிடித்துக் காட்டியவர் நர்ஸ். உடலைப் பையில் சுற்றியவர் வார்டு பாய். அது அவர்கள் பயிற்சியிலும் இல்லை, வேலை விவரத்திலும் இல்லை. அடுத்த ஷிப்டில் அதே பெட்டில் வேறு ஆள்.

அலை ஓய்ந்ததும் இவர்களுக்கு ஓய்வு கிடைத்ததா? இங்கேதான் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஓடுவது ரெசிடென்ட்களை வைத்து. முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு என்று மூன்று பேட்ச். ராத்திரி டியூட்டி, ரத்தம் எடுப்பது, டிஸ்சார்ஜ் எழுதுவது என்று உடல் உழைப்பில் பெரும்பகுதி முதலாண்டுக்காரர்கள் தலையில். 2021 ஜனவரியில் நடக்க வேண்டிய நீட் பி.ஜி. தேர்வு ஏப்ரல் 18-க்குத் தள்ளிப்போனது. அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்பு மறுபடியும் ஒத்திவைத்தார்கள். மே 3 அன்று, இன்னும் குறைந்தது நான்கு மாதத்துக்குத் தேர்வு இல்லை என்று பிரதமர் அலுவலகம் அறிவித்தது. தேர்வுக்குக் காத்திருக்கும் டாக்டர்களை கோவிட் பணிக்கு இழுப்பது நோக்கம். கடைசியில் செப்டம்பர் 11 அன்று தேர்வு நடந்தது. அதற்கப்புறம் பொருளாதாரத்தில் பின்தங்கியோர் இட ஒதுக்கீட்டு வழக்கில் கலந்தாய்வு மாட்டிக்கொண்டது. உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது 2022 ஜனவரியில்.

உங்கள் டீமில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் வெளியே போய்விட்டார்கள், புது ஆளுக்கு ஆஃபர் லெட்டரே போகவில்லை, ப்ராஜெக்ட் டெட்லைன் மட்டும் அப்படியே என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளில் 2021-ன் பிற்பகுதி அப்படித்தான் போனது. ஒமிக்ரான் வந்தபோதும் புதிய பேட்ச் வந்து சேரவில்லை. டிசம்பரில் டெல்லி ரெசிடென்ட்கள் தெருவுக்கு வந்தது இதற்காகத்தான். அதற்கு முன்பே, நவம்பர் 29 அன்று, கர்நாடக ரெசிடென்ட் டாக்டர்கள் ஓபிடி-யைப் புறக்கணித்தார்கள். அவர்கள் கோரிக்கையில் முக்கியமானது: மாதம் 10,000 ரூபாய் கோவிட் அபாயப் படி தருவதாக அரசு சொன்னதே, அது எங்கே?

தட்டு தட்டியதும் சம்பளம் தராததும்

ஆஷா பணியாளர்களைத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் அறிமுகம் செய்ய வேண்டும். நம்ம ஊரில் கிராம சுகாதார செவிலியர் முறை வலுவாக இருப்பதால், மலைப்பகுதிகளையும் பழங்குடிப் பகுதிகளையும் தவிர ஆஷாக்கள் அதிகம் கிடையாது. கர்நாடகத்தில் சுமார் 42,000 பேர். எல்லோரும் பெண்கள். அரசின் கண்ணில் இவர்கள் ஊழியர்கள் இல்லை, "தன்னார்வலர்கள்". அதனால் சம்பளம் கிடையாது, மதிப்பூதியமும் வேலைக்கேற்ற ஊக்கத்தொகையும்தான்.

உங்கள் அபார்ட்மென்ட் கேட்டில் காய்ச்சல் இருக்கா என்று கேட்டு வந்தவர், வெளிநாட்டிலிருந்து வந்தவர் வீட்டில் நோட்டீஸ் ஒட்டியவர், தொற்றாளர் யார் யாரைச் சந்தித்தார் என்று பட்டியல் எடுத்தவர் பெரும்பாலும் இவர்தான். 2020 நடுவில் மாநில அரசு கொடுத்த நிலையான தொகை மாதம் 4,000 ரூபாய். கோவிட் வேலைக்கு மத்திய அரசு மாதம் 1,000 சேர்த்தது. மற்ற ஊக்கத்தொகைகளை ஒரு போர்ட்டலில் பதிவு செய்து வாங்க வேண்டும்; கொரோனா வேலையில் அலைந்ததில் தடுப்பூசி, பிரசவம் போன்ற வழக்கமான வேலை குறைந்து, அந்தப் பணமும் குறைந்தது. அதாவது வேலை ஏறியபோது வருமானம் இறங்கியது.

2020 ஜூலை 10 முதல் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கேட்டது மாதம் 12,000 ரூபாயும், முகக்கவசம், சானிடைசர் உள்ளிட்ட பாதுகாப்பும். வாரக்கணக்கில் நீடித்தது. செப்டம்பர் 24 முதல் தேசிய சுகாதார இயக்கத்தின் ஒப்பந்தப் பணியாளர்கள் சுமார் 30,000 பேர்: நர்ஸ், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர். நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலை, பாதிக்கும் குறைவான சம்பளம், அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாது. பெருந்தொற்று நேரத்தில் போராட்டமா என்று அப்போது பலர் முகம் சுளித்தார்கள். வேறு எந்த நேரத்தில் யார் காது கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பக்கத்து மாநிலத்தை மட்டும் குறை சொன்னதாகிவிடும். கொரோனா நேரத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,400-க்கும் மேற்பட்ட நர்ஸ்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. புத்தாண்டு அன்று வேலை இல்லை. அவர்கள் போராடிய பிறகே மாற்றுப் பணி பற்றிப் பேச்சு வந்தது.

இறந்தவர்களை எண்ணுவதில்கூட ஒரு ஒழுங்கு இல்லை. 2021 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்கு: 162 டாக்டர்கள், 107 நர்ஸ்கள், 44 ஆஷாக்கள். டாக்டர்கள் மட்டுமே 700-க்கும் மேல் என்றது இந்திய மருத்துவ சங்கம். 50 லட்சம் ரூபாய் காப்பீட்டுத் திட்டம் இருந்தது. ஆனால் தெருமுனை கிளினிக்கைத் திறந்து வைத்திருந்ததால் தொற்றி இறந்த தனியார் டாக்டரின் குடும்பத்துக்கு அது பொருந்துமா என்பது உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகம் முழுக்க 80,000 முதல் 1,80,000 சுகாதாரப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இடைவெளி எவ்வளவு பெரிசு பாருங்க. எண்ணவே முடியாத அளவுக்கு இந்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

ஆலோசனை எண்ணால என்ன பயன்?

பயன் உண்டு. 2020 மார்ச் இறுதியிலேயே நிம்ஹான்ஸ் நாடு முழுவதற்குமான மனநல உதவி எண்ணைத் தொடங்கியது. சுகாதாரப் பணியாளர்களுக்கான வழிகாட்டுதல்களும் வந்தன. அந்த அனுபவத்தின் மீதுதான் 2022 அக்டோபர் 10 அன்று டெலி மனஸ் என்ற தேசியச் சேவை தொடங்கியது. அதன் தலைமை மையமும் நிம்ஹான்ஸ்தான். நடு ராத்திரி ஹாஸ்டல் அறையில் அழுதுகொண்டிருக்கும் ஹவுஸ் சர்ஜனுக்குப் பேச ஒரு ஆள் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

என் குறை வேறு. மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஆலோசனை எண் மிக வசதியானது. நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது. உங்கள் கம்பெனியில் 14 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு வெள்ளிக்கிழமை மைண்ட்ஃபுல்னெஸ் செஷன் போடுகிறார்களே, அதே கதை. நோயாளி எண்ணிக்கை அதே, ரோஸ்டர் அதே, பாக்கி அதே. மாற வேண்டியது நீங்கள் மூச்சு விடும் முறை மட்டும்! கர்நாடகத்தில் 2020, 2021 இரண்டு ஆண்டும் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். பாக்கி ஊதியம், வார ஓய்வு, ஆள் எண்ணிக்கை, பாதுகாப்பு உடை, பணி நிரந்தரம். அழுத்தம் எங்கே இருந்து வருகிறது என்று அவர்களே வரிசை போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

உதவி கேட்கவே பயப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: "மனநல சிகிச்சை எடுத்தவர்" என்ற முத்திரை வேலையைப் பாதிக்குமோ என்பது. நியூயார்க்கில் முதல் அலையின்போது அவசரப் பிரிவு மருத்துவர் லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டார். சிகிச்சை எடுத்தது தெரிந்தால் மருத்துவர் உரிமம் போய்விடும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். அவர் பெயரிலேயே அமெரிக்காவில் 2022 மார்ச்சில் சுகாதாரப் பணியாளர் மனநலத்துக்கான சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை.

சரி, இப்போ நிலைமை என்ன?

முதலில் பார்த்த 74-க்கு வருவோம். அந்தப் பணிக்குழுவின் ஆன்லைன் கணக்கெடுப்பில் 5,337 முதுநிலை மாணவர்கள் பதில் சொன்னார்கள். 45 சதவீதம் பேர் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாகவும், 56 சதவீதம் பேர் வார விடுமுறை கிடைப்பதில்லை என்றும் சொன்னார்கள். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 31.2 சதவீதம். இது கொரோனா முடிந்த பிறகு எடுத்தது. அலையை மட்டும் குறை சொல்ல முடியாது.

இத்தனைக்கும் விதி இல்லாமல் இல்லை. ரெசிடென்ட்களின் தொடர் பணி நாளைக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற அளவைப் பொதுவாகத் தாண்டக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே எழுதிவைத்திருக்கிறது. நீங்களோ உங்கள் தம்பி, தங்கையோ பிறப்பதற்கு முன்பு வந்த உத்தரவு. 32 ஆண்டுகள் கழித்து வந்த பரிந்துரை அதைவிட 26 மணி நேரம் அதிகம். இருக்கிற விதியைக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள், நடைமுறைக்கு ஒத்துவரும் எண்ணையாவது கேட்போம் என்று குழு நினைத்திருக்கலாம்.

நர்ஸ்கள் கதையும் இதே ரகம். உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-ல் அமைந்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200-க்கு மேல் படுக்கை இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். அமல்படுத்துவது மாநிலங்கள் கையில் விடப்பட்டது. பெங்களூருவில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலை பார்க்கும் நர்ஸ் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், எவ்வளவு வாங்குறீங்க அக்கா என்று கேட்டுப் பாருங்கள். மூன்று வருட அனுபவச் சான்றிதழ் கையில் வந்ததும் வளைகுடாவுக்கோ அயர்லாந்துக்கோ அவர் ஏன் விண்ணப்பிக்கிறார் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அவர் போன இடத்தில் வருபவர் புதியவர். அவருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை மிச்சமிருக்கும் சீனியருக்கு, ஏற்கெனவே இருக்கும் வேலைக்கு மேல்.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியிலிருந்த பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்ட பிறகு, உச்ச நீதிமன்றம் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. நீண்ட டியூட்டிக்கு நடுவில் படுத்து எழ ஒரு பாதுகாப்பான அறைகூட இல்லை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

ஆஷாக்கள்? 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருது கொடுத்துக் கௌரவித்தது. 2025 ஜனவரி 7 முதல் 10 வரை கர்நாடக ஆஷாக்கள் பெங்களூரு ஃப்ரீடம் பார்க்கில் குளிரில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார்கள். ஏப்ரல் முதல் மாதம் குறைந்தது 10,000 ரூபாய் கிடைக்கும் என்று முதல்வர் சித்தராமையா உறுதி சொன்ன பிறகு கலைந்தார்கள். 2020-ல் அவர்கள் கேட்டது 12,000. சொன்ன 10,000-ஐத் தரச் சொல்லி 2025 ஆகஸ்டில் மறுபடியும் போராட்டத்துக்கு வந்தார்கள்.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால், நீங்கள் சுகாதாரப் பணியாளராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், டெலி மனஸ் எண் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசலாம்.)